பாடாலூருக்குக் கிழக்கே ஒரு கடல்

திருச்சியிலிருந்து காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். நடுவில் நான்கு கோடி ஆண்டுகளைக் கடக்க வேண்டியிருக்கும்.

திருச்சிக்காரர்களுக்குச் சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் கார் கொடைக்கானலுக்குப் போகும். ஒரு நாள்தான் என்றால் கொல்லிமலை அல்லது பச்சைமலை. இயற்கை என்றால் மேலே ஏற வேண்டும், கொஞ்சம் குளிர வேண்டும், ஓர் அருவியாவது விழ வேண்டும் என்பது தமிழ்நாட்டில் எழுதப்படாத சட்டம். வடகிழக்கே போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. அந்தத் திசையில் இருப்பவை பெரம்பலூரும் அரியலூரும். முன்னது சென்னை போகும் வழியில் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுத் தூங்கப் போகும் ஊர். பின்னது சிமெண்ட் ஊர். வயதானவர்களிடம் கேட்டால் 1956 நவம்பரில் மருதையாற்றில் நடந்த ரயில் விபத்தையும், அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகியதையும் சொல்வார்கள்.

வேறொரு கூட்டத்துக்கு இந்தப் பகுதி நன்றாகத் தெரியும். நிலவியல் படிக்கும் மாணவர்கள் நாடு முழுவதிலிருந்தும் இங்கே வருகிறார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்களும் ஊட்டத்தூர், காரை, கல்லங்குறிச்சி என்று ஊர்ப்பெயர்களைத் தப்பும் தவறுமாக உச்சரித்துக்கொண்டு வருகிறார்கள். காரணம் எளிமையானது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. அது வந்து, தங்கி, பின்வாங்கிய கணக்கு முழுவதும் நிலத்தில் பதிவாகி இருக்கிறது. அதைப் படிக்க மலை ஏற வேண்டாம். ஒரு காரும் ஒரு தொப்பியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் போதும்.

டிசம்பரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். கார் நண்பருடையது. அவர் கட்டட ஒப்பந்ததாரர். முப்பது ஆண்டுகளாக லோடு லோடாகச் சிமெண்ட் வாங்கி இறக்குபவர். அந்தச் சிமெண்ட் எந்த மண்ணிலிருந்து வருகிறது என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை என்றார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் பின் இருக்கையில். டைனோசர் உண்டு என்று சொல்லித்தான் அவளை எழுப்ப முடிந்தது.

சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம் தாண்டி, சிறுகனூர் தாண்டி, சுமார் 35 கி.மீ.யில் பாடாலூர். அதுவரை சாலையோரம் தெரியும் குன்றுகளெல்லாம் மலைக்கோட்டையின் பங்காளிகள். பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய, மிகமிகப் பழைய பாறைகள். அவற்றில் ஒரு கிளிஞ்சலைக்கூடக் காண முடியாது. அவை உருவானபோது கிளிஞ்சல் என்ற ஒன்றே உலகில் இல்லை. பாடாலூரில் வலப்பக்கம் திரும்பினால் சில நிமிடங்களில் அந்தப் பழைய பாறை தரைக்குள் போய்விடுகிறது. அதன்மேல் கடல் விட்டுப்போன படிவுகள் அடுக்கடுக்காக ஏறிக்கொள்கின்றன.

அடுக்குகள் கிழக்கு நோக்கி இலேசாகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் மேற்கே பழையது, கிழக்கே புதியது. ஊட்டத்தூரில் தொடங்கி அரியலூரைத் தாண்டி நின்னியூர் வரை போனால், சுமார் பத்தரைக் கோடி ஆண்டுக்கு முந்திய கடலில் ஆரம்பித்து, டைனோசர்கள் ஒழிந்த ஆறரைக் கோடி ஆண்டுக்கு வந்து நிற்கலாம். தோராயமாக ஒரு கிலோமீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு. நண்பர் வேகமானியைப் பார்த்துக் கணக்குப் போட்டு, "நிமிஷத்துக்கு ஆறேழு லட்சம் வருஷமா ஓட்டுறேன்" என்றார்.

கடல் ஏன் இங்கே வந்தது? அப்போது இந்தியா இந்த இடத்தில் இல்லை. தென்கோளத்தில், அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டுப் பிரிந்து வடக்கே நகரத் தொடங்கியிருந்தது. பிரிந்த விளிம்பு விரிசல்விட்டுத் தாழ்ந்தது. அந்தத் தாழ்வுதான் காவிரிப் படுகை. உலகெங்கும் கடல் மட்டம் உயர்ந்திருந்த காலம் அது. தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. இன்று காரையிலிருந்து வங்கக் கடலுக்கு ஏறக்குறைய 100 கி.மீ. அன்று காரையே கடல்.

இதை முதலில் முறையாக எழுதிவைத்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு. 1862-ல் வெளிவந்த அவருடைய அறிக்கை இப்பகுதியின் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தது. அந்தப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. கிடைத்த உயிரினங்களை வகைப்படுத்தி எழுதும் பெரும்பணியைச் செய்தவர் மொராவியாவிலிருந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. திருச்சி நத்தைகளுக்கும் சிப்பிகளுக்கும் பெயர் வைத்த அந்த மனிதர் 1874-ல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்தார். கல்லறை லே நகரில் இருக்கிறது. ஊட்டத்தூரில் அவர் பெயரில் ஒரு தெரு இல்லை. இருந்தால் உச்சரிக்கவும் சிரமம்தான்.

ஊட்டத்தூரில் எல்லோரும் பார்ப்பது சுத்தரத்தினேசுவரர் கோயில். இங்குள்ள நடராசர் அபூர்வமான கல்லில் செய்யப்பட்டவர் என்பது நம்பிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வெட்டிவேர் மாலை சாத்தி வேண்டிக்கொள்கிறார்கள். கல்லிடம் கல்லுக்காக வேண்டுகிறார்கள் என்று நண்பர் மெதுவாகச் சொன்னார். சிறுமிக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது, கோயிலில் இருந்ததால் அடக்கிக்கொண்டோம்.

பயணத்தின் முதல் ஆச்சரியம் காரை. சோளக்காடும் பருத்திக்காடுமாக வந்துகொண்டிருந்த நிலம் சட்டென்று முடிந்துபோகிறது. அடுத்து வருவதைத் தமிழ்நாட்டில் எதிர்பார்க்க மாட்டீர்கள். ஒரு மரம் இல்லை. மழைநீர் அறுத்து அறுத்துப் போட்ட ஓடைகள், அவற்றுக்கிடையே கத்தி முனை போன்ற மண்மேடுகள். சாம்பல், மஞ்சள், செங்காவி என்று நிறம் மாறிக்கொண்டே போகிறது. நடுநடுவே ஜிப்சம் கீற்றுகள் வெயிலில் உடைந்த கண்ணாடிபோல் மின்னுகின்றன. சம்பல் பள்ளத்தாக்கைச் சினிமாவில் பார்த்தவர்களுக்கு உடனே அது நினைவுக்கு வரும். கொள்ளைக்காரர்கள்தான் இல்லை. ஆடுகள் இருக்கின்றன.

இறங்கி நடந்தால் காலடியில் கிடப்பது கடலடி. ஆழமற்ற, அமைதியான கடலில் படிந்த களிமண். பென்சில் துண்டுபோல ஒருமுனை கூரான பழுப்புக் கல் ஒன்றைச் சிறுமி கண்டுபிடித்தாள். பிறகு இரண்டு நிமிடத்தில் இருபது. அவை பெலம்னைட்டுகள். கணவாய் மீனின் ஒன்றுவிட்ட உறவு. உடலின் சதை போய், உள்ளிருந்த கெட்டியான முனை மட்டும் மிஞ்சியது. இங்கிருந்து சுறாப் பற்களை எடுத்திருக்கிறார்கள். மீன் உருவத்தில் வாழ்ந்த இக்தியோசார் என்னும் பெரிய கடல் ஊர்வனவற்றின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன.

சுருள் வடிவ அம்மோனைட்டின் பாதி உடைந்த ஒன்றும் தென்பட்டது. இதைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை. பலர் வீட்டுப் பூஜை அறையில் தினமும் அபிஷேகம் வாங்கிக்கொள்கிறது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம் இதே குடும்பம்தான், காரை அம்மோனைட்டைவிட வயதில் மூத்தது. அதற்காகக் காத்மாண்டு வரை போய்த் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஆட்டுக் குளம்பு மிதிக்கிறது.

ஆடுகளுக்குச் சொந்தக்காரரான பெரியவர் எங்களைக் கவனித்துக்கொண்டே வந்து நின்றார்.

"மழை பேஞ்சா கல்லு மொளைக்கும் தம்பி. இப்ப வந்தா நல்லா கெடைக்கும். எத்தனை மூட்டை கொண்டாந்திருக்கீங்க?"

"மூட்டை எதுக்குங்க ஐயா?"

"காலேஜு பஸ்ஸு வரும். சுத்தியல் வச்சிருப்பாங்க. பொறுக்கி மூட்டை கட்டிக்கிட்டுப் போவாங்க. நீங்களும் அப்பிடின்னு நெனச்சேன்."

கல் முளைக்கிறது என்று அவர் சொன்னது முழுக்கக் கற்பனையில்லை. ஒவ்வொரு மழையும் களிமண்ணைக் கொஞ்சம் கரைக்கிறது. உள்ளே இருந்தது வெளியே வருகிறது. பார்க்கிறவனுக்கு அது முளைப்பதுதான். ஆனால் இந்த விளைச்சல் ஒரு முறைதான். எடுத்த இடத்தில் அதே பெலம்னைட் மறுபடி வராது. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற குறிப்போடு எடுத்தால்தான் அது ஆய்வாளருக்குப் பயன்படும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து ஷோகேஸில் வைத்தால் அது வெறும் கல். பல ஆண்டுகளாக மாணவர்களும் சேகரிப்பாளர்களும் அள்ளியதில் காரையில் முழு அம்மோனைட் இப்போது சுலபமாகக் கண்ணில் படுவதில்லை. சிறுமி தன் இருபதையும் ஒரு மேட்டில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துக்கொண்டாள். ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று அப்பாவைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டுக்காரரைப் பார்த்தேன். "எடுத்துக்க பாப்பா, என்ன வந்துச்சு?" என்றார் அவர். அவள் எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

காரைக்குப் போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். நிழல் என்பது அங்கே உங்களுடையது மட்டும்தான். மழை விட்ட மறுநாள் போனால் செருப்பு களிமண்ணோடு சேர்ந்து ஆளுக்கு இரண்டு கிலோ கூடும். கடை கிடையாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தாங்கலாம். சித்திரையில் போவது உங்கள் விருப்பம்.

அடுத்த ஊர் சாத்தனூர். இங்கே கம்பிவேலிக்குள் ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ நேற்று வெட்டிச் சாய்த்ததுபோல் இருக்கும். கிட்டே போய்த் தட்டினால் கல். பட்டையின் வரிகூடத் தெரிகிறது. இதை 1940-ல் கண்டறிந்து சொன்னவர் நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன். வயது பத்துக் கோடி, பன்னிரண்டு கோடி என்று கணக்குகள் உண்டு.

மரம் கல்லானது எப்படி? கரையில் நின்ற மரம் சாய்ந்து, ஆற்றோடு வந்து, கடலோரச் சேற்றில் புதைந்தது. காற்றுப் படாததால் உடனே மக்கவில்லை. சேற்று நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, அழியும் ஒவ்வொரு அணுவின் இடத்தையும் மெல்லமெல்லப் பிடித்துக்கொண்டது. உருவம் மரத்தினுடையது, பொருள் மணலினுடையது. பூக்கும் தாவரங்கள் அப்போதுதான் உலகில் பரவத் தொடங்கியிருந்தன. இந்த மரம் ஊசியிலை இனத்தது என்கிறார்கள். இதன் கிளையில் உட்கார்ந்து கரைய அன்று காக்கை கிடையாது.

விழுப்புரம் பக்கம் திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்கே மரங்கள் ஏராளம், வருகிறவர்களும் அதிகம். ஆனால் வயதில் சாத்தனூர் மரத்துக்கு அவை பேரப்பிள்ளைகள். சாத்தனூருக்குத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் என்ற பட்டம் இருக்கிறது. நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. வேலிக் கம்பியில் ஒரு கரிச்சான் மட்டும் உட்கார்ந்திருந்தது.

பட்டம் என்பது இந்த விஷயத்தில் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பது தனிக் கதை. கோயில், கோட்டை என்றால் தொல்லியல் சட்டம் இருக்கிறது. புலி, மான் என்றால் வனவிலங்குச் சட்டம். பத்துக் கோடி ஆண்டு வயதுள்ள கடலடிக்கு அப்படித் தனிச் சட்டம் இருந்ததில்லை. புவிப் பாரம்பரிய இடங்களைப் பாதுகாப்பதற்கான மசோதாவின் வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில்தான் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. சுண்ணாம்புக்கல்லைத் தோண்டுவதற்கான சட்டங்களோ எப்போதோ வந்துவிட்டன.

அக்கம்பக்கத்தில் கருடமங்கலம் என்ற ஊர் உண்டு. சிப்பிகளும் நத்தைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இறுகிய சுண்ணாம்புப் பாறை இவ்வூரின் சொத்து. வெட்டி மெருகேற்றினால் கருஞ்சாம்பல் பின்னணியில் வெள்ளைச் சிப்பிகள் பூவேலைபோல் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் டிரிச்சினோபொலி மார்பிள் என்று பெயர் பெற்று அலங்காரப் பொருளானது. திருச்சிச் சுருட்டுக்குக் கிடைத்த புகழ் திருச்சிக் கல்லுக்குக் கிடைக்கவில்லை.

அரியலூர் நெருங்க நெருங்க லாரிகள் வருகின்றன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு வரிசையாக. சாலையோர வேப்பமரங்களின் இலைகள் வெளுத்திருக்கின்றன. தூசி. இந்த வட்டாரத்தின் பெரும்பாலான ஆத்திரங்கள் இந்த லாரிகளைச் சுற்றித்தான். பள்ளி விடும் நேரத்தில் அவை ஓடுவதைப் பற்றிக் கேட்டால் டீக்கடையில் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை. அதே டீக்கடையில் பாதிப் பேருக்கு மகனோ மருமகனோ ஆலையில் வேலை பார்க்கிறார்.

கல்லங்குறிச்சி அரியலூருக்குப் பக்கத்தில். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். மூலவர் சிலையல்ல, நெடிய கல் தூண். கல்லைக் கும்பிடுவதில் இந்த வட்டாரத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஊருக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். உள்ளே போக அனுமதி வேண்டும். பழைய குழி ஒன்றின் விளிம்பில், சாலையோரமாக நின்றே பார்த்தோம்.

அங்கே நின்றபோது ஒப்பந்ததாரரின் முகம் மாறியது. கீழே செங்குத்தாக வெட்டிய சுவர். சுவர் முழுக்கச் சிப்பி. கலந்து கிடக்கிறது என்பதல்ல, சுவரே சிப்பி. கிரைஃபியா என்னும் தடித்த வளைந்த சிப்பிகள், உள்ளங்கை அகலத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. சுமார் ஏழு கோடி ஆண்டுக்கு முந்திய கடலில் அவை தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வாழ்ந்து, செத்து, மேட்டை உயர்த்தின.

"இதையா நான் மூட்டை மூட்டையா கொட்டிக்கிட்டு இருந்தேன்?" என்றார்.

இதைத்தான். அரியலூரில் தமிழக அரசின் சிமெண்ட் ஆலை 1979-ல் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு தனியார் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்தன. சிப்பி தன் ஓட்டைக் கட்டக் கடல்நீரிலிருந்து எடுத்துக்கொண்ட கால்சியத்தையும் கார்பனையும் 1,450 டிகிரி சூளை பிரித்துவிடுகிறது. கால்சியம் நம் வீட்டுச் சுவருக்கு வருகிறது. கார்பன் காற்றுக்குப் போகிறது. காரையில் மின்னிய ஜிப்சத்துக்கும் சிமெண்டில் வேலை உண்டு. கலவை உடனே இறுகிவிடாமல் கொத்தனாருக்கு அவகாசம் தருவது அதுதான். ஆக ஒரு சிமெண்ட் மூட்டைக்கு வேண்டியதெல்லாம் இந்தக் கடலில் இருக்கிறது.

சுரங்கத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் சிப்பிச் சுவரை நாங்கள் பார்த்ததே சுரங்கம் வெட்டியதால்தான். இங்குள்ள படிவுகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி சுரங்கச் சுவர்களில் படித்தவை. வெட்டாமல் இருந்திருந்தால் கரிசல் மண்ணுக்கடியில் யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கும். புத்தகத்தைத் திறந்தவன்தான் பக்கங்களையும் கிழிக்கிறான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெட்டுவதற்கு முன் பார்த்துக் குறித்து, ஒரு சுவரையாவது விட்டுவைக்க வேண்டும் என்ற வழக்கம் நம்மிடம் வரவில்லை. தோண்டி முடித்த குழிகளில் ஒன்றிரண்டின் ஒரு பக்கச் சுவரைத் தொடாமல் வைத்து, பாதுகாப்பாக இறங்க ஒரு படிக்கட்டும் கட்டினால் போதும். ஆலைக்குச் சில நாள் உற்பத்திகூடக் குறையாது. உலகின் பல நாடுகளில் பழைய கல்குவாரிகள் இப்படித்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் இடமாகியிருக்கின்றன. இப்போது அரியலூரில் கைவிட்ட குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கிறது. பச்சை நிறம், ஆழம் தெரியாது, விளிம்பில் வேலி இல்லாதவையும் உண்டு.

சிறுமி பொறுமை இழந்திருந்தாள். "டைனோசர் எங்கே?"

டைனோசர் கதை கல்லமேட்டில் இருக்கிறது. கடல் பின்வாங்கி நிலம் தலைகாட்டிய காலத்தின் படிவுகள் அங்கே. நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் இறுதியில் அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை விவரித்து, பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். பெரிய உடல் கொண்ட பல்லி என்று பொருள். முதலில் அதை மாமிசம் தின்னும் வகையில் சேர்த்தார்கள். பின்னர் வந்தவர்கள், இல்லை, நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்றார்கள். அப்படியானால் உலகில் நடமாடிய மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்று அரியலூர்க்காரர். உறுதியாகச் சொல்ல எலும்பைப் பார்க்க வேண்டும். எலும்பு இல்லை. ஈரமும் வெயிலும் பட்டு நொறுங்கிப்போய்விட்டது. மிஞ்சியவை சில படங்களும் வரைபடங்களும். அவற்றை வைத்துக்கொண்டுதான் ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

2009-ல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் அறிவித்தபோது ஊரே திரண்டது. அதற்குப்பின் உருண்டைக் கல் எதுவானாலும் முட்டைதான். 2020-ல் குன்னம் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வர, செய்தி வாட்ஸ்அப்பில் பறந்தது. அவை முட்டையல்ல, கடலடியில் சேறு உருண்டு திரண்ட படிவுகள் என்று நிபுணர்கள் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் வந்து போய்விட்டது. முட்டையாக இருந்தால்தான் மதிப்பு என்று ஏன் நினைக்கிறோம்? அந்த உருண்டைகளில் சிலவற்றின் நடுவில் ஓர் அம்மோனைட் இருக்கக்கூடும்.

சிறுமிக்கு ஆறுதல் வாரணவாசியில் கிடைத்தது. அரியலூரிலிருந்து தெற்கே கீழப்பழுவூர் போகும் வழியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. காரையில் பாதி உடைந்து பார்த்த அம்மோனைட்டை இங்கே முழுசாகப் பார்க்கலாம், தமிழில் பெயரோடு. காரைக்கு முன்பே இதைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது என்பது என் கருத்து. என்ன தேடுகிறோம் என்று தெரிந்து நடப்பது வேறு.

கீழப்பழுவூரைத் தாண்டிக் கரைவெட்டிக்குப் போனபோது மாலை நாலு மணி. அங்கே இருப்பது கல் அல்ல, உயிர். 1999-ல் பறவைகள் சரணாலயமான இந்த ஏரி 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 454 ஹெக்டேர். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்புகிறது. பனிக்காலத்தில் இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துகளைத் தமிழ்நாட்டில் பார்க்க இதைவிட நல்ல இடம் அரிது. தூரத்தில் நாற்பது ஐம்பது இருந்தன. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, நாமம் மாற்றிப் போட்டதுபோல். சிறுமி அவற்றை எண்ணி முடிக்கும்வரை கரையில் உட்கார்ந்திருந்தோம். எண்ணி முடிக்கும்போதெல்லாம் அவை பறந்து இடம் மாறின.

திரும்பும் வழி சிதம்பரம்–திருச்சி சாலை. இருட்டும் நேரத்தில் கல்லக்குடி. 1939-ல் இங்கே டால்மியா சிமெண்ட் ஆலை வந்தது. ஊரின் பெயரும் டால்மியாபுரம் ஆனது. 1953 ஜூலை 15 அன்று அந்தப் பெயரை எதிர்த்து மு. கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தது தமிழக அரசியலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. போராட்டம் பெயருக்காக. பெயருக்குக் காரணமான கல் எதனால் ஆனது என்பது அந்தக் கதையில் வருவதில்லை. அது பவளப்பாறை. இந்தக் கடல் உள்ளே வந்த தொடக்க காலத்தில், வெதுவெதுப்பான, தெளிந்த, ஆழமற்ற தண்ணீரில் பவளப் பூச்சிகளும் பாசிகளும் சேர்ந்து கட்டியது. மன்னார் வளைகுடாவில் இன்று ஒரு துண்டுப் பவளத்தை எடுத்தால் வழக்கு வரும். கல்லக்குடியில் அதன் பாட்டனார்கள் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாகச் சூளைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது முன்னால் போன லாரி தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதற்காக ஓரம் கட்டியது. நண்பர் முந்தவில்லை. பின்னாலேயே நிறுத்தி, விளக்கை எரியவிட்டு, தார்ப்பாய்க்குக் கீழே தெரிந்த வெள்ளைக் கட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்துத் தன் மேஸ்திரியைக் கூப்பிட்டார். மறுநாள் உறையூரில் கூரைத்தளம் போட வேண்டும். எத்தனை மூட்டை வந்து இறங்கியிருக்கிறது என்று கேட்டார். நூற்று எண்பது என்றார் மேஸ்திரி.